4ஜி63 டர்போ எஞ்சினுக்கு ஆஃப்டர்மார்க்கெட் கிராங்க்: எதைப் பார்த்து நம்பி வாங்குவது?

வெள்ளவத்தை_எவோ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன் 8 (எவோ 8) காரின் 4ஜி63 டர்போ எஞ்சினை முழுமையாகப் பிரித்து, ரதல்ல மலையேற்றப் போட்டிக்கும் கட்டுக்குருந்தைச் சுற்றோட்டங்களுக்கும் ஏற்ற விதத்தில் மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். போர் (சிலிண்டர் விட்டம்) 85 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) 88 மில்லிமீற்றர், கொள்ளளவு 1997 சிசி என்ற தொழிற்சாலை அளவிலேயே எஞ்சின் இருக்கிறது. இலக்கு ஏறத்தாழ 450 குதிரைவலு. எரிபொருள், இங்கே பம்பில் கிடைக்கும் 95 ஒக்டேன் பெற்றோல். ஃபோர்ஜ் (சூடான உலோகத்தை அச்சில் அடித்துச் செய்த) பிஸ்டன்களும், அவற்றைக் கிராங்கோடு இணைக்கும் 150 மில்லிமீற்றர் நீளமான எச் வடிவக் கொன்றோட்களும் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டன.

முடிவாகாமல் நிற்பது, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஒன்றுதான். இரண்டாவது பிக் எண்ட் பெயாரிங் (கொன்றோட்டின் கீழ்முனைக்கும் கிராங்குக்கும் நடுவிலுள்ள தாங்கி) செம்பு தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. அந்தப் பெயாரிங்குக்குள் சுழலும் கிராங்கின் உருளைப் பகுதியான ஜேர்னலில் நகத்தை வைத்து இழுத்தால் வரிகள் தட்டுப்படுகின்றன. பழைய கிராங்கையே 0.25 மில்லிமீற்றர் குறைத்துக் கடைவதா, அதே 88 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக்கில் வெளி நிறுவனத் தயாரிப்பான (ஆஃப்டர்மார்க்கெட்) புதிய 4340 எஃகுக் கிராங்க் எடுப்பதா, அல்லது செலவோடு செலவாக 100 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக்குக்குப் போய் 2.3 லீற்றராக்குவதா என்று தடுமாறுகிறேன். இணையத்தில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பிராண்டின் பெயரைச் சொல்கிறார்களே தவிர, ஏன் என்று சொல்பவர்கள் குறைவு. அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கிராண்ட்பாஸ்_லேத் எழுதியது:

தம்பி, பிராண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் உங்கள் கேள்விக்குள்ளேயே ஒரு விடை இருப்பதைக் காட்டிவிடுகிறேன். வாங்கிய பிஸ்டன்கள் 88 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக்குக்கு உரியவை என்றால், 100 மில்லிமீற்றர் கிராங்கை அவற்றோடு பொருத்த முடியாது. ஸ்ட்ரோக் 12 மில்லிமீற்றர் கூடும்போது பிஸ்டன் மேலே 6 மில்லிமீற்றர் அதிகமாக ஏறும். ஆகவே பிஸ்டனில் கொன்றோட்டை இணைக்கும் முளைக்கான துளை 6 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும், அல்லது கொன்றோட் 144 மில்லிமீற்றராகக் குறைய வேண்டும். எது செய்தாலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியவற்றில் ஒரு பாதி அலமாரிக்குப் போகும். கடைக்காரர்கள் இதைக் கேட்காமலே கிராங்கை விற்றுவிடுகிறார்கள்.

அடுத்தது, 450 குதிரைவலுவுக்காக மட்டும் ஆஃப்டர்மார்க்கெட் கிராங்க் தேவையில்லை. எவோவின் 4ஜி63 கிராங்க் தொழிற்சாலையிலிருந்தே ஃபோர்ஜ் செய்த எஃகு. அதைவிடக் கூடிய வலுவிலும் அதை வைத்து ஓடும் கார்கள் உலகெங்கும் இருக்கின்றன. கொன்றோட்டும் பிஸ்டனும் முதலில் மாற வேண்டியவை, அவற்றை நீங்கள் மாற்றிவிட்டீர்கள். எனவே புதிய கிராங்க் வாங்குவதற்கு உங்களுக்குள்ள ஒரே நியாயமான காரணம், பழையது கெட்டுப்போயிருப்பதுதான். அது உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. ஜேர்னல்களை மைக்ரோமீற்றர் கொண்டு இரண்டு திசைகளில், மூன்று இடங்களில் அளந்தீர்களா? வெடிப்புச் சோதனை செய்தீர்களா?

இன்னொன்று. 0.25 கடைவது என்பது கல்லைப் பிடித்து உருளையாக்குவது மட்டுமல்ல. ஜேர்னல் பக்கச் சுவரைச் சந்திக்கும் மூலையில் ஒரு வளைவு இருக்கிறது. கல்லின் ஓரத்தை அந்த வளைவுக்கு ஏற்றபடி சீராக்கிக்கொள்ளாமல் கடைபவர்கள் அங்கே ஒரு கூரான படியை உண்டாக்கிவிடுவார்கள். அந்தக் கிராங்க் பட்டறையில் அளக்கும்போது மிகச் சரியாக இருக்கும், போட்டியில் உடையும்.

கட்டுபெத்தை_உலோகம் எழுதியது:

மேலே சொன்ன மூலை வளைவு பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். கிராங்க் நம்பகமானதா என்ற கேள்வியில் பெரும்பகுதி அந்த ஓரிரு மில்லிமீற்றருக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது.

கிராங்க் ஒரே அடியில் உடைவது அரிது. ஒவ்வொரு சுற்றிலும் வளைந்தும் முறுகியும் நிமிர்ந்தும் களைப்படைந்துதான் உடைகிறது. அந்த அழுத்தம் எங்கே குவிகிறதோ அங்கேதான், அதாவது ஜேர்னலும் பக்கச் சுவரும் சந்திக்கும் மூலையிலோ எண்ணெய்த் துளையின் விளிம்பிலோதான், முதல் வெடிப்பு தோன்றும். மூலை வளைவின் ஆரை பெரிதாகவும் வழவழப்பாகவும் இருந்தால் அழுத்தம் பரவுகிறது. சிறிதாகவோ கருவித் தடம் பதிந்ததாகவோ இருந்தால் விலை உயர்ந்த எஃகும் காப்பாற்றாது.

இப்போது உங்கள் எஞ்சினின் எண்களைப் பாருங்கள். 4ஜி63 கிராங்கில், எஞ்சின் புளொக்கின் தாங்கிகளில் சுழலும் மெயின் ஜேர்னலின் விட்டம் 57 மில்லிமீற்றர், பிக் எண்ட் ஜேர்னல் 45 மில்லிமீற்றர். இரண்டின் ஆரைகளையும் கூட்டினால் 51 மில்லிமீற்றர். ஸ்ட்ரோக் 88 என்றால் இரு மையங்களுக்கும் இடையிலுள்ள தூரம் 44. ஆகவே கிராங்கை முனையிலிருந்து பார்த்தால் இரண்டு ஜேர்னல்களும் 7 மில்லிமீற்றர் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. ஸ்ட்ரோக்கை 100 ஆக்கும்போது மையத் தூரம் 50. படிவு வெறும் 1 மில்லிமீற்றர். 94 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக்கில் 4 மில்லிமீற்றர் மிஞ்சும். இந்தப் படிவுதான் கிராங்கின் விறைப்புக்கு அடிப்படை. அது இல்லாத இடத்தில் சுமை முழுவதும் பக்கச் சுவரின் கனத்தாலும் மூலை வளைவாலும் தாங்கப்பட வேண்டும். 100 மில்லிமீற்றர் கிராங்க் நல்லதல்ல என்று சொல்ல வரவில்லை; நல்லவை இருக்கின்றன, நீண்ட காலம் ஓடியும் இருக்கின்றன. ஆனால் 88 இல் மன்னிக்கப்படும் ஒரு தயாரிப்புக் குறை 100 இல் மன்னிக்கப்படாது. மலிவான கிராங்க் எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதை 88 இல் எடுங்கள்.

எஃகைப் பற்றி: 4340 என்பது ஏறத்தாழ 0.4 சதவீதம் கரியும், 1.65 முதல் 2 சதவீதம் வரை நிக்கலும், குரோமியமும் மொலிப்டினமும் சேர்ந்த கலப்பு. நமது இரும்புக் கடைகளில் ஈஎன்24 என்று கேட்டால் கிடைப்பது இதற்கு மிக நெருங்கிய பிரித்தானிய உறவு. ஈஎன்40பி என்பது வேறு. ஏறத்தாழ 3 சதவீதம் குரோமியம் கொண்டது, நைற்றரைடிங் (நைதரசனை ஊட்டி மேற்பரப்பைக் கடினமாக்குதல்) செய்வதற்கென்றே உருவாக்கப்பட்டது, அதனால் மேற்பரப்பு 4340 ஐவிடக் கடினமாகும். இங்கிலாந்தின் பழைய கிராங்க் பட்டறைகள் அதை விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

மேற்பரப்புப் பதப்படுத்தலிலும் ஆழத்தைக் கேட்க வேண்டும். வாயு நைற்றரைடிங் 500 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே பல மணி நேரம் நடப்பது. கடினப் படை மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உள்ளே போகும். அத்தகைய கிராங்கை 0.25 குறைத்துக் கடைந்தால் ஆரையில் போவது 0.125 தான், அடியில் கொஞ்சம் மிஞ்சும். உப்புக் குளியலில் ஓரிரு மணி நேரம் செய்யும் முறையில் உண்மையான கடினப் படை சில பத்து மைக்ரோன்களுக்குள் முடிந்துவிடும். ஒரு தரம் கடைந்தால் எல்லாம் போய்விடும், மறுபடியும் பதப்படுத்தியே ஆக வேண்டும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறார்கள்.

வெள்ளவத்தை_எவோ எழுதியது:

இருவருக்கும் நன்றி. பிஸ்டன் பற்றிய விடயம் எனக்கு எழுதிய எந்தக் கடையும் குறிப்பிடாதது. வெடிப்புச் சோதனை கொழும்பில் எங்கே செய்யலாம் என்றும் சொன்னால் நல்லது. அத்துடன், நான் பார்த்த விற்பனைப் பக்கங்களில் முறுக்காத ஃபோர்ஜிங் என்று பெரிய எழுத்தில் போட்டு அதற்குத் தனியாக விலை கேட்கிறார்கள். பில்லட் கிராங்க் அதைவிட மேல் என்றும் சொல்கிறார்கள். இந்த இரண்டிலும் எவ்வளவு உண்மை?

கட்டுபெத்தை_உலோகம் எழுதியது:

முதலாவதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நான்கு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் உள்ள எஞ்சினில் நான்கு பிக் எண்ட் ஜேர்னல்களும் ஒரே தளத்திலே, இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருக்கின்றன. அதை அச்சில் அடித்த பிறகு முறுக்க வேண்டிய தேவையே இல்லை. ஜேர்னல்கள் 90 பாகையில் நிற்கும் வி8 கிராங்குக்கும், 120 பாகையில் நிற்கும் ஆறு சிலிண்டர்க் கிராங்குக்கும்தான் அந்தக் கேள்வி எழும்: தட்டையாக அடித்துப் பின்னர் முறுக்குவதா, அல்லது முப்பரிமாண அச்சில் நேரடியாக அடிப்பதா என்று. 4ஜி63 கிராங்கில் முறுக்கவில்லை என்பதற்குப் பணம் கேட்பது, இளநீரில் கொழுப்பு நீக்கப்பட்டது என்று எழுதி விலை கூட்டுவதற்குச் சமம்.

பில்லட் என்பது முழு எஃகுத் தண்டிலிருந்து செதுக்கி எடுப்பது. எஃகின் தரம் உயர்ந்ததாக இருந்தால் அது மிகச் சிறந்த கிராங்காகலாம். விரும்பிய ஸ்ட்ரோக், விரும்பிய எதிரெடை வடிவம் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஃபோர்ஜிங்கில் எஃகின் இழையோட்டம் கிராங்கின் வடிவத்தைப் பின்பற்றி வளைகிறது, பில்லட்டில் அது தண்டின் நீளவாக்கிலேயே கிடந்து ஒவ்வொரு மூலையிலும் வெட்டுப்படுகிறது. ஆயிரம் குதிரைவலுவைத் தாண்டும் எஞ்சினுக்கோ, யாருமே ஃபோர்ஜ் செய்து விற்காத அரிய எஞ்சினுக்கோ பில்லட் பொருத்தம். 450 க்கு அது வீண் செலவு.

சோதனைக்கு: காந்தத் துகள் முறை போதும். கிராங்கைக் காந்தமாக்கி, ஒளிரும் துகள் கலந்த திரவத்தை ஊற்றிப் புறஊதா விளக்கின் கீழே பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் கோடாகத் தெரியும். இலங்கை அணுசக்திச் சபைக்குக் களனியில் அழிவில்லாச் சோதனைக்கென ஒரு தேசிய நிலையம் உண்டு. முதலில் அங்கே விசாரியுங்கள். துறைமுகத்திலும் கொதிகலன்களிலும் வேலை செய்யும் தனியார் சோதகர்களும் இருக்கிறார்கள். முடிந்ததும் காந்தத்தை நீக்கித் தரச் சொல்லுங்கள். காந்தம் மிஞ்சிய கிராங்க் எண்ணெயிலுள்ள இரும்புத் தூளையெல்லாம் தன்மேல் இழுத்து வைத்துக்கொள்ளும்.

மலையேறி_77 எழுதியது:

நான் ஓட்டுநர், பட்டறைக்காரர் அல்ல. ஆனாலும் 100 மில்லிமீற்றருக்காக ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ரதல்லயிலும் மாகஸ்தோட்டையிலும் ஓடியவர்களுக்குத் தெரியும், அங்கே நேர்ப்பாதை என்று ஒன்று கிடையாது. வளைவு முடிந்து அடுத்த வளைவு வருவதற்குள் டர்போ விழித்துக்கொள்ளாவிட்டால், மேல் சுற்றுகளில் எத்தனை குதிரைவலு இருந்தாலும் அது காகிதத்தில் மட்டுமே. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேலே இருக்கிறது; மெல்லிய காற்றில் டர்போ இன்னும் தாமதமாகத்தான் எழும்புகிறது. 85 போரும் 100 ஸ்ட்ரோக்கும் சேர்ந்தால் 2270 சிசி. அந்தக் கூடுதல் கொள்ளளவு டர்போவைச் சில நூறு சுற்றுகள் முன்னதாகவே எழுப்பிவிடும். முறுக்குவிசை கீழிருந்தே கிடைக்கும்போது எஞ்சினை 8000 வரை இழுக்க வேண்டிய அவசியமே வராது.

கட்டுபெத்தை நண்பர் படிவைக் கணக்கிட்டதைப் போலப் பிஸ்டன் வேகத்தையும் கணக்கிட்டால் நியாயமாக இருக்கும். 88 ஸ்ட்ரோக்கில் நிமிடத்துக்கு 8000 சுற்று என்றால் சராசரிப் பிஸ்டன் வேகம் செக்கனுக்கு 23.5 மீற்றர். 100 ஸ்ட்ரோக்கில் 7000 சுற்று என்றால் 23.3 மீற்றர். இரண்டும் ஒன்றுதான். 7000 சுற்றோடு நிறுத்திக்கொள்ளும் ஒழுக்கம் இருந்தால் நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொல்வதில்லை.

கிராண்ட்பாஸ்_லேத் எழுதியது:

மலையேறி அண்ணா சொல்வதில் பிழையில்லை, ஆனால் அவர் ஒழுக்கம் என்று குறிப்பிட்ட இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். சுற்று வரம்பை எஞ்சின் கணினியான ஈசியூவில் 7000 என்று போடலாம். மூன்றாம் கியருக்குப் போக வேண்டிய இடத்தில் அவசரத்தில் முதலாம் கியருக்குள் தள்ளினால் ஈசியூவால் எதுவும் செய்ய முடியாது. சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும். அந்த ஒரு கணத்தில் 88 கிராங்குக்கு இருக்கும் மிச்ச வலு 100 கிராங்குக்கு இருக்காது.

அதிர்வையும் நினைவில் வையுங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்கின் இரு மடங்கு வேகத்தில் மேலும் கீழுமாக ஒரு விசை எப்போதும் மிஞ்சும். அதை அடக்கத்தான் மிட்சுபிஷி இரண்டு பாலன்ஸ் ஷாஃப்ட்களை வைத்தது. பந்தயத்துக்குக் கட்டுபவர்கள் அவற்றைக் கழற்றிவிடுவது வழக்கம். அதே கொன்றோட் நீளத்தில் அந்த விசை ஸ்ட்ரோக்கின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், 88 இலிருந்து 100 க்குப் போகும்போது அதே சுற்றில் ஏறத்தாழ 29 சதவீதம் அதிகமாகும். பாலன்ஸ் ஷாஃப்ட் இல்லாத 2.3 லீற்றர் எஞ்சினில் பிராக்கெட்டுகள் வெடிப்பதையும் போல்ட்கள் தளர்வதையும் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

மலையேறி_77 எழுதியது:

கியர் தவறும் விடயத்தில் எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. அதே வேளை, 95 ஒக்டேனில் பற்றவைப்பைப் பேராசையாக முன்தள்ளி எஞ்சினைத் தட்டவிட்டால் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடித்தால்) 88 ஆனாலும் 100 ஆனாலும் முதலில் போவது பிக் எண்ட் பெயாரிங்தான் என்பதையும் தம்பி குறித்துக்கொள்ளட்டும். இரண்டாவது பெயாரிங்கில் செம்பு தெரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். காரணத்தைத் தேடாமல் புதிய கிராங்க் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

பஞ்சிகாவத்தைக்_கடை எழுதியது:

உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் வாங்கும் பக்கத்தைச் சொல்கிறேன். முதலில், பழைய 4ஜி64 எஞ்சினின் 100 மில்லிமீற்றர் கிராங்கை மலிவாகத் தருகிறேன் என்று பஞ்சிகாவத்தையிலோ தெல்கந்தையிலோ யாராவது சொன்னால் நின்று நிதானித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் நீண்ட காலம் ஓடிய வான் வண்டியிலிருந்து வந்திருக்கும். கிராங்கின் முனையிலுள்ள கனச் சக்கரமான ஃப்ளைவீலைப் பிடிக்கும் போல்ட் ஆறா ஏழா என்று எண்ணுங்கள். 4ஜி63 குடும்பத்தில் இரண்டு வகையும் உண்டு, ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தாது. எவோ 8 ஏழு போல்ட் வகை.

புதிதாக இறக்குமதி செய்வதென்றால், 4ஜி63 கிராங்குக்கு ஈகிள், மான்லி, பிரையன் குரோவர், கே1 ஆகிய அமெரிக்கப் பெயர்களும், ஜப்பானிய எச்கேஎஸ் பெயரும் எளிதில் அடிபடுவன. நடுத்தர விலையிலுள்ள பல பிராண்டுகளின் கிராங்குகள் சீனாவில் ஃபோர்ஜ் செய்யப்படுபவை என்பது இத்துறையில் இரகசியமல்ல. அதனால் அவை கூடாதவை என்று ஆகிவிடாது. ஒரே ஃபோர்ஜிங்கை வாங்கி ஒருவர் கவனமாகக் கடைந்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, அளவுத் தாளோடு அனுப்புவார். இன்னொருவர் பெட்டியை மட்டும் மாற்றி அனுப்புவார். விலை வித்தியாசம் எஃகில் இல்லை, அதற்குப் பிறகு செய்யப்படும் வேலையில்தான் இருக்கிறது. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு ஜேர்னலின் அளவும் எழுதிய தாள் வருமா, நைற்றரைடிங் எந்த முறை, மூலை வளைவின் ஆரை எவ்வளவு, குறைபாடு இருந்தால் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பும் செலவு யாருடையது. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தராதவரிடம் வாங்காதீர்கள். கிராங்க் பாரமானது, திருப்பி அனுப்பும் விமானக் கட்டணம் சில வேளைகளில் பாகத்தின் விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

சுங்கத்தில் கிராங்க் 8483.10 என்ற தலைப்பின் கீழ் வரும். தீர்வை விகிதங்கள் அடிக்கடி மாறுவதால் அனுப்புவதற்கு முன்னர் நடைமுறையிலுள்ள அட்டவணையைப் பாருங்கள். அதற்கு மேலே 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாக இருக்கும் வற் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலைச்சிட்டையில் மோட்டார் பாகம் என்று பொதுவாக எழுதாமல் கிராங்க்ஷாஃப்ட் என்றே எழுதச் சொல்லுங்கள். பெட்டியைத் திறந்து வாதாடும் நேரம் மிச்சமாகும்.

மிகக் குறைந்த விலையில் பெரிய பிராண்டின் பெயர் பொறித்து வரும் கிராங்க் எங்கள் சந்தையிலும் உலாவுகிறது. தொடர் இலக்கத்தைத் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிக் கேட்டால் போதும்.

வெள்ளவத்தை_எவோ எழுதியது:

பழைய கிராங்கைச் சோதித்துவிட்டேன். கடையலாமா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விட்டது: தேய்ந்த இரண்டாவது பிக் எண்ட் ஜேர்னலின் மூலையில் புறஊதா விளக்கின் கீழே மெல்லிய கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு அங்கே எதுவுமே தெரியவில்லை. மலையேறி அண்ணா சொன்னபடி பழைய ஈசியூப் பதிவுகளையும் பார்த்தேன். மேல் பூஸ்டில் (டர்போ காற்றழுத்தம் உயர்ந்த நிலையில்) தட்டல் பதிவாகியிருக்கிறது, ட்யூனரிடம் பேசிவிட்டேன். பிஸ்டன்கள் கையில் இருப்பதாலும், என் கியர் மாற்றும் திறமையில் எனக்கே முழு நம்பிக்கை இல்லாததாலும், 88 மில்லிமீற்றர் 4340 கிராங்கையே வரவழைக்க முடிவு செய்திருக்கிறேன். வந்ததும் என்னென்ன அளக்க வேண்டும்?

கிராண்ட்பாஸ்_லேத் எழுதியது:

பெட்டியைத் திறந்ததும் ஜேர்னல்களை வெறுங்கையால் தடவாதீர்கள். கொழும்பின் கடற்காற்றில் விரல் அடையாளம் சில நாட்களில் துருவாகிவிடும். எண்ணெய் பூசி, நீராவி புகாத உறையிலிட்டு, ஃப்ளைவீல் பக்கம் கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.

அளக்கும் நாளுக்கு முதல்நாள் இரவே கிராங்க், புளொக், மைக்ரோமீற்றர், போர் கேஜ் எல்லாம் ஒரே அறையில் இருக்கட்டும். அளவுகளெல்லாம் 20 பாகை செல்சியசுக்குச் சொல்லப்படுபவை. நமது பட்டறை 31 பாகை. 57 மில்லிமீற்றர் ஜேர்னல் அந்த வித்தியாசத்துக்கு ஏழு மைக்ரோன் அளவுக்கு விரியும். எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால் மைக்ரோமீற்றரும் சேர்ந்து விரிவதால் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். கிராங்கைக் குளிரூட்டிய அறையிலும் புளொக்கை வாசலிலும் வைத்து அளந்தால் இடைவெளிக் கணக்கே பொய்யாகிவிடும்.

ஜேர்னல் வட்டம் தவறுவதும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரிவதும் 5 மைக்ரோனுக்குள் இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். எண்ணெய் இடைவெளிக்கு, விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு: மெயினுக்கு 0.057, பிக் எண்டுக்கு 0.045 மில்லிமீற்றர். டர்போ எஞ்சினுக்கு அதோடு மில்லிமீற்றரின் நூறில் ஓரிரு பங்கு கூட்டுவது நீங்கள் ஊற்றப்போகும் எண்ணெயின் தடிப்பைப் பொறுத்தது. ஏசிஎல் ரேஸ் பெயாரிங்கில் சாதாரண அளவைவிட ஆயிரத்தில் ஓர் அங்குலம், அதாவது 0.025 மில்லிமீற்றர், கூடுதல் இடைவெளி தரும் வகையும் கிடைக்கும்; கிராங்கை அளக்காமல் அதை முன்கூட்டி வாங்கிவிடாதீர்கள். நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து மட்டும் திருப்தியடைய வேண்டாம்.

மெயின் பெயாரிங் மூடிகளை இறுக்கிப் பிடிக்கும் ஏஆர்பி மெயின் ஸ்டட் போடுவதாக இருந்தால், அவற்றை முழு முறுக்குக்கு இறுக்கிய நிலையில் மெயின் துளைகளை அளந்து, தேவையானால் லைன் ஹோன் செய்த (துளைகளை ஒரே நேர்கோட்டில் உரசிச் சீராக்கிய) பின்னர்தான் பெயாரிங் அளவைத் தீர்மானிக்கலாம். ஸ்டட்டின் இறுக்கம் போல்ட்டின் இறுக்கத்திலிருந்து மாறுபடுவதால் துளையின் வட்டம் மாறும்.

நீளவாக்கு அசைவை மறக்க வேண்டாம். 4ஜி63 இல் திரஸ்ட் பெயாரிங் நடுவிலுள்ள மூன்றாவது மெயினில் இருக்கிறது. தொழிற்சாலை அளவு 0.05 முதல் 0.18 மில்லிமீற்றர் வரை. ஏழு போல்ட் எஞ்சின்களில் ஒரு தொகுதி இந்த இடத்தில் தேய்ந்து கிராங்கே முன்னும் பின்னும் நடக்கத் தொடங்கிய கதையை அமெரிக்காவில் மிட்சுபிஷி எக்லிப்ஸ் கார் வைத்திருந்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். தேவைக்கு மேலே விறைப்பான கிளச் அழுத்தத் தட்டைப் போடாதீர்கள். கிளச்சை அமுக்கும்போதெல்லாம் அந்தச் சுமை முழுவதும் திரஸ்ட் பெயாரிங்கில்தான் விழுகிறது.

தெமட்டகொடை_புதியவன் எழுதியது:

இடையில் ஒரு கேள்விக்கு மன்னியுங்கள். கிராங்க் புதிதாகப் போடும்போது முன்பக்கக் கப்பியையும் எடை குறைந்த அலுமினியக் கப்பியாக மாற்றினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும் என்கிறார்கள். செய்யலாமா?

கட்டுபெத்தை_உலோகம் எழுதியது:

வேண்டாம். முன்பக்கக் கப்பியில் இரண்டு உலோக வளையங்களுக்கு நடுவே இரப்பர் இருப்பது அழகுக்காக அல்ல. ஒவ்வொரு எரிதலும் கிராங்கைச் சற்று முறுக்குகிறது, அது எதிர்த்திசையில் மீள்கிறது; சில குறிப்பிட்ட சுற்றுகளில் இந்த முறுக்கதிர்வு ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகும். அதை உறிஞ்சுவது அந்த டாம்பர். ஆறு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் நீளம் என்பதால் ஆபத்து அதிகம், நான்கில் குறைவு. ஆனால் வலுவைக் கூட்டிய எஞ்சினில் குறைவென்று நம்பி விடுவதற்கில்லை. பழைய இரப்பர் வெடித்திருந்தால் புதியதை, அல்லது ஏடிஐ, ஃப்ளூயிடாம்பர் போன்றவற்றின் டாம்பரைப் போடுங்கள். எடையைக் குறைக்க விரும்பினால் ஃப்ளைவீலில் குறையுங்கள்.

வெள்ளவத்தை_எவோ எழுதியது:

கிராங்க் வந்துவிட்டது. அளவுத் தாளும் கூட வந்தது. கிராண்ட்பாஸ் ஐயாவின் பட்டறையிலேயே அளந்தோம், தாளிலுள்ள எண்களோடு இரண்டு மைக்ரோனுக்குள் ஒத்துப்போகிறது. எண்ணெய்த் துளைகளின் விளிம்புகள் உருட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு விடயம் உறுத்துகிறது. மூலை வளைவின் ஆரை பழைய கிராங்கைவிடப் பெரிதாக இருக்கிறது. நல்லதுதானே என்று நினைத்து, வைத்திருந்த சாதாரண பிக் எண்ட் பெயாரிங்கைப் போட்டுக் கொன்றோட்டைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தபோது, ஓரிடத்தில் அது வளைவின்மேல் ஏறுவது போலத் தெரிகிறது.

கட்டுபெத்தை_உலோகம் எழுதியது:

அது கிராங்கின் குறை அல்ல. வலுவுக்காக ஆரையைக் கூட்டிய கிராங்குக்கு ஓரம் சரித்த அல்லது அகலம் குறைந்த பெயாரிங் தேவை. பந்தயத்துக்கென்று விற்கப்படும் பெயாரிங்குகள் பலவற்றில் அந்தச் சரிவு ஏற்கெனவே இருக்கும். பெயாரிங் ஓரம் வளைவில் உரசினால் சூடேறி உலோகம் உரிவதோடு, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த வழவழப்பான மூலையிலே கீறலும் விழும்.

கிராண்ட்பாஸ்_லேத் எழுதியது:

தம்பி, கண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மூலை வளைவு முழுவதும் மெல்லியதாக நீல மையைப் பூசி, பெயாரிங்கில் எண்ணெய் தடவி, கொன்றோட்டை முழு முறுக்குக்கு இறுக்கி, இரு பக்கமும் தள்ளியபடி கிராங்கைக் கையால் சில சுற்றுகள் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பெயாரிங் ஓரத்தில் நீலம் ஒட்டியிருந்தால் ஓரம் சரித்த வகையை வரவழைப்போம். கொன்றோட்டின் மேல் பாதியில் மட்டும் ஒட்டியிருந்தால் பெயாரிங் இருக்கையில் நடுவாக உட்காரவில்லை என்று அர்த்தம், அதை முதலில் சரிபார்ப்போம். நான்கு ஜேர்னலையும் தனித்தனியாகச் செய்யுங்கள், மெயின்களையும் விட வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம் வரை பட்டறை திறந்திருக்கும், நீல மை என்னிடம் இருக்கிறது. கிராங்கைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டிக் கொண்டுவாருங்கள்.